கீழ்த்தோட்டம்

கிழக்கு வெளுக்கும் முன்பே கபிலைக் கிணற்றின் உருளை முனகத் தொடங்கிவிட்டது.

ரங்கா மாடுகளைச் சரிவில் இறக்கினான். அவை இறங்க இறங்க, கிணற்றின் அடியிலிருந்து தோல் சால் நிறைந்து மேலே ஏறியது. பாரம் கூடும்போது ஓட்டுகிறவன் துள்ளி வடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட வேண்டும். மாட்டின் பலத்தோடு மனிதனின் எடையும் சேர்ந்தால்தான் சால் கிணற்றின் வாயைத் தாண்டும். தாண்டியதும் தண்ணீர் தொபீரென்று தொட்டியில் விழும். உடனே குதித்து இறங்கி, மாடுகளைப் பின்புறமாகவே மேட்டுக்கு நடத்த வேண்டும். பிறகு மறுபடி சரிவு. வடம் உராய்ந்து உராய்ந்து ரங்காவின் தொடைத் தோல் செருப்புத் தோல் மாதிரித் தடித்துப் போயிருந்தது.

தம்பி இறைத்த தண்ணீரை அக்கா பாய்ச்சினாள். கோமளம் முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டியால் ஒரு மடையை அடைத்து அடுத்ததைத் திறந்துகொண்டிருந்தாள். கண் அசந்தால் கரை உடைத்துக்கொண்டு ஓடிவிடும். ஆவணி மழை ஏமாற்றிவிட்ட வருஷம் அது. பீன்ஸ் பூவிடும் நேரம். ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் பூவெல்லாம் உதிர்ந்து கொடிதான் மிஞ்சும்.

"டேய் ரங்கா, போதும்டா. மாட்டுக்கு மூச்சு வாங்குது!" என்று கத்தினாள்.

"மாட்டுக்கா, உனக்கா அக்கா?" என்று மேட்டிலிருந்து சிரித்தான் அவன்.

லிங்கராஜபுரத்துக்கு வடக்கே, வெள்ளைக்காரப் பட்டாளம் குடியிருந்த தண்டுப் பிரதேசத்தின் விளிம்பில் இருந்தது அந்தத் தோட்டம். மேல்தோட்டம் முதலாளி ஆராவமுதனின் சொந்தச் சாகுபடி. கீழ்த்தோட்டம் ஒரு காலத்தில் வெறும் பாறையும் உண்ணிப் புதரும். பாறையை உடைத்து மண் கொண்டுவந்து கொட்டி விளைநிலம் ஆக்குகிறவர்களுக்கு, தலைமுறை தலைமுறையாக விளைச்சலில் பாதி என்று ஆராவமுதனின் தகப்பனார் கிணற்றுமேட்டில் நின்று சொன்னார். நம்பி உடைத்தார்கள். கோமளத்தின் மாமனாருக்கு வெடி வைத்ததில் இரண்டு விரல்கள் போயின. இப்போது இருபத்தைந்து குடும்பங்கள் அங்கே குடிசை போட்டிருந்தன. வடக்கு வரிசையில் கோமளத்தின் ஆட்கள், தோட்டக்காரச் சாதி. தெற்கு வரிசையில் பெர்னார்டின் ஆட்கள், ஞானஸ்நானம் வாங்கியும் சேரிக்காரர்கள் என்ற பெயர் போகாதவர்கள். ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். ஆனால் வடக்கு வரிசைக்காரர்கள் தெற்கு வரிசைப் பானையில் வாய் வைத்ததில்லை.

யுத்தம் வந்தது. தண்டில் பட்டாளம் பெருகியது. பட்டாளத்துக்குக் காய் வேண்டும். கோஸும் பீன்ஸும் கேட்ட விலைக்குப் போயின. விலை ஏற ஏற, கீழ்த்தோட்டத்தின் அந்தப் பாதி ஆராவமுதனின் கண்ணை உறுத்தியது. நாற்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' என்று ஊர் கொந்தளித்தபோது அவருக்கு வழி கிடைத்தது. அதற்குப் பிறகு தண்டில் கேள்வி முறை கிடையாது. தெருமுனைக்குத் தெருமுனை சிப்பாய்கள். கூட்டம் சேர்ந்தால் துப்பாக்கிக் கட்டை பேசியது.

அன்று வெயில் ஏறும் நேரத்தில் அவருடைய கார் வந்து நின்றது. மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மல்லேஸ்வரத்து வீட்டிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். பின்னாலேயே குதிரையில் மேனேஜர் டெஸ்மண்ட் வந்தான். முன்பு குதிரைப்படையில் இருந்த சட்டைக்காரன், ஆங்கிலோ இந்தியன். இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

களத்தில் எல்லோரும் கூடினார்கள். ஆராவமுதன் காரைவிட்டு இறங்கவில்லை.

"கேட்டுக்கோங்கோ. நேத்தோட வாரக் குத்தகை முடிஞ்சுது. இது இனிமே மிலிட்டரித் தோட்டம். சர்க்கார் எடுத்துண்டுடுத்து. நாளைக்குள்ள குடிசையைக் காலி பண்ணணும். வேலை வேணும்கறவா பாஸ் வாங்கிண்டு கம்பி வேலிக்குள்ள வந்து கூலிக்குச் செய்யலாம்."

கோமளம்தான் சேற்றுக் காலோடு முன்னே வந்தாள்.

"கீழ்த்தோட்டம் எங்களுது சாமி. பாறையாக் கெடந்தத எங்க மாமனார் ஒடைச்சாரு. ஒடைச்சவங்களுக்குப் பாதின்னு ஒங்க அப்பாதானே சொன்னாரு?"

"சொன்னவரும் போயாச்சு. உடைச்சவனும் போயாச்சு."

"நாங்க போகலையே சாமி."

ஆராவமுதனின் முகம் சிவந்தது. "யுத்தம் நடக்கறதுடீ! யுத்த காலத்துல சர்க்காரை எதிர்த்துப் பேசறவாளுக்கு என்ன பேர் தெரியுமா?"

"எம் புருஷன் அந்த யுத்தத்துக்குத்தான் ரோடு போடப் போயிருக்காரு. அஸ்ஸாம் பக்கம். சித்திரையில போனவரு, உசுரோட இருக்காரான்னுகூடத் தெரியல. அவருக்கு என்ன பேரு சாமி?"

கூட்டத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் டெஸ்மண்டைக் கிளப்பியது. அவன் திரும்பிப் பார்த்தான். இத்தனை பேச்சுக்கு நடுவிலும் கபிலை நிற்கவில்லை. ரங்கா இறைத்துக்கொண்டே இருந்தான்.

"ஏ மேன்! கீழே தண்ணி வுடாதே! நிறுத்து மேன்!"

"ஒரு பாத்திதான் பாக்கி துரை. பூ வுடற நேரம், காய வெச்சாப் பாவம்" என்றான் ரங்கா. சொல்லிக்கொண்டே சரிவில் மாட்டை விட்டு, வடத்தின் மேல் துள்ளி உட்கார்ந்தான். சால் கிணற்றின் வாய்க்கு வந்துகொண்டிருந்தது.

டெஸ்மண்ட் குதிரையிலிருந்து குதித்தான். வேலியில் செருகியிருந்த அரிவாளை உருவினான். அறுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று வருஷமாக அந்தக் கிணற்றுமேட்டில் நின்று வேலை வாங்கியவன். விறைத்து நின்ற வடத்தில் ஓங்கி ஒரே போடு போட்டான்.

துப்பாக்கி வெடித்தது போல் வடம் அறுந்தது. சால் கிணற்றுக்குள் விழுந்தது. பின்னால் இழுத்த பாரம் திடீரென்று இல்லாமல் போக, இரண்டு எருதுகளும் தலைகுப்புறச் சரிவின் அடிக்குப் பாய்ந்தன. ரங்கா அவற்றின் காலுக்கு நடுவே விழுந்தான். இடதுபக்க எருது கற்சுவரில் மோதி, கழுத்து திருகி, மல்லாந்து அவன் மேலேயே சாய்ந்தது.

கோமளம் ஓடினாள். எருதின் அடியில் தம்பியின் ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. அதில் தார்க்குச்சி இன்னும் இருந்தது.

அவளுக்கு முன்பே பெர்னார்ட் சரிவில் குதித்திருந்தான். தெற்கு வரிசைக்காரன், எருமை மாதிரி உடம்பு. எருதின் கொம்பைப் பிடித்து, தோளைக் கொடுத்து, நரம்பு புடைக்கத் தள்ளினான். நான்கைந்து பேர் சேர்ந்தார்கள். ரங்காவை வெளியே இழுத்தபோது அவன் மார்பு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. வாயில் இரத்த நுரை. பெர்னார்ட் நிமிர்ந்து டெஸ்மண்டை நோக்கி ஓர் அடி வைத்தான். ரிவால்வர் அவன் நெற்றிக்கு நேரே நின்றது.

"ஆக்சிடென்ட்" என்றார் காருக்குள்ளிருந்து ஆராவமுதன். "எல்லாரும் பார்த்தேள். கயிறு பழசு."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அந்தக் காரில் ஏற்றியிருந்தால் ரங்கா ஒருவேளை பிழைத்திருப்பான்.

கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கினார்கள். முன்னால் பெர்னார்ட். பக்கத்தில் கோமளமும் பெர்னார்டின் மனைவி ஜோசஃபினும் ஓடினார்கள். ஆஸ்பத்திரி தண்டுக்குள் இருந்தது. ரயில் கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டில் சிப்பாய்கள் மறித்தார்கள்.

"நாலு பேருக்கு மேல போகக்கூடாது. ஆர்டர்."

"கட்டிலத் தூக்கறதுக்கே நாலு பேரு வேணுமய்யா" என்று கோமளம் கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் அக்கா. நான் மட்டும் கூடப் போறேன்."

"தூக்கறவன் நாலு. படுத்திருக்கறவன் அஞ்சு" என்றான் சிப்பாய். அவனும் தமிழன்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆபீசர் வரட்டும். அவர்தான் சொல்லணும்."

வெயில் சுட்டது. சரக்கு வண்டி ஒன்று பீரங்கிகளை ஏற்றிக்கொண்டு நிதானமாகக் கடந்து போனது. ரங்காவின் உதடு அசைந்தது. "தண்ணி" என்றான். ஜோசஃபினின் இடுப்பில்தான் சின்ன மண்கலயம் இருந்தது. அவள் கை தயங்கியது. கோமளத்தைப் பார்த்தாள்.

"குடு தாயி" என்றாள் கோமளம்.

ஜோசஃபின் குனிந்து அவன் வாயில் ஊற்றினாள். பாதி உள்ளே போனது. மீதி சிவந்து கன்னத்தில் வழிந்தது. ஆபீசர் ஜீப்பில் வந்து சேர்ந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஆள் அங்கே இல்லை.

சுடுகாட்டுக்கும் கூட்டமாகப் போக விடமாட்டார்கள் என்று தெரிந்துபோயிற்று. அன்று மாலையே கீழ்த்தோட்டத்தில், அவன் கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சிய பீன்ஸ் பாத்தியின் ஓரத்தில் குழி வெட்டினார்கள். முதல் மண்வெட்டியைப் பெர்னார்ட் போட்டான். வடக்கு வரிசையில் யாரும் தடுக்கவில்லை.

மண் தள்ளி முடித்ததும் பெர்னார்ட் அரிவாளை எடுத்துத் துண்டில் சுற்றினான்.

"எங்கடா?" என்றாள் கோமளம்.

"டெஸ்மண்ட் பங்களாவுக்கு. கேக்காதக்கா."

அவள் எழுந்து அவன் எதிரில் போய் நின்றாள். அழுது வற்றிய கண்கள்.

"அவன் தலை எனக்கும் வேணும். எந் தம்பிடா அவன். ஆனா நீ ஒருத்தன் போயி வெட்டினா ஒன்னத் தூக்குல போடுவான். அப்பறம் கொலகாரக் கும்பல்னு சொல்லி மொத்தப் பேரையும் வெரட்டிட்டு நெலத்த எடுத்துக்குவான். அதுக்குத்தானா ரங்கா செத்தான்?"

"பின்ன சும்மா இருக்கச் சொல்றியா?"

"சும்மா இருக்கச் சொல்லல. ஒருத்தனாப் போவாதன்னு சொல்றேன்."

என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் அரிவாளை அவன் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

மறுநாள் காலை இரண்டு லாரிகளில் பட்டாளம் வந்தது. ஜீப்பில் ஒரு வெள்ளைக்காரக் கேப்டன். கூடவே டெஸ்மண்டும் ஆராவமுதனும். தந்திக் கம்பி அறுக்கும் காங்கிரஸ்காரர்கள் இந்தக் குடிசைகளில் ஒளிந்திருப்பதாகக் கேப்டனிடம் சொல்லியிருந்தார்கள். சிப்பாய்கள் குடிசைகளுக்குள் புகுந்து சட்டி பானைகளை வெளியே வீசினார்கள். ஒளிந்திருந்த ஒரே ஆள் பிரசவித்து ஒன்பது நாளான ஒரு பெண். குழந்தையோடு அவளை இழுத்து வெளியே விட்டார்கள். பிறகு டெஸ்மண்ட் தீப்பந்தத்தைக் கூரையில் செருகினான்.

காய்ந்த புல் கூரை. வடக்கு வரிசை பற்றி எரிந்து, காற்று திரும்பியதும் தெற்கு வரிசைக்கும் தாவியது. பெண்கள் மண்ணை வாரி வாரி இறைத்தார்கள். குடிசைக்குள் கட்டிக் கிடந்த ஆடு ஒன்று மனிதக் குரலில் கத்தி அடங்கியது. கோமளம் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு தீப்பந்தத்தின் மேல் பாய்ந்தாள். துப்பாக்கிக் கட்டை அவள் தோளில் இறங்கியது. உள்ளே எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவளை மிதிக்க வந்த பூட்ஸ் காலைப் பெர்னார்ட் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் வலது கையைத் தரையில் வைத்து, டெஸ்மண்ட் ஒரு சிப்பாயின் துப்பாக்கியை வாங்கி அதன் கட்டையால் இடித்தான். ஒரு முறை, மறுபடி ஒரு முறை, நெல் குத்துகிற மாதிரி. பெர்னார்ட் கத்தவில்லை. பல்லைக் கடித்ததில் உதடு கிழிந்தது.

அப்போதுதான் கேப்டன் ஜீப்பிலிருந்து எரிச்சலாக ஏதோ சொன்னான். ஆராவமுதன் கைகட்டிக் குனிந்து பதில் சொன்னார். கேப்டன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். லாரிகள் திரும்பின. போகும்போது நான்கு ஆண்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். களத்தில் காவலுக்கு எட்டுச் சிப்பாய்களை விட்டுப் போனார்கள்.

ஜோசஃபின் தன் சேலையைக் கிழித்து கோமளத்தின் கையை மார்போடு சேர்த்துக் கட்டினாள். பெர்னார்டின் கை வெந்த கிழங்கு மாதிரி வீங்கிக் கிடந்தது. புகை அடங்கவில்லை.

"அக்கா" என்றான் பெர்னார்ட். "அந்த வெள்ளக்காரன் என்ன சொன்னான் தெரியுமா?"

பெர்னார்ட் பையனாக இருந்தபோது பட்டாளத்து மெஸ்ஸில் பாத்திரம் கழுவியவன். அவர்களுடைய வசவும் பேச்சும் அவனுக்குப் புரியும்.

"'நெலத்த யாரு கேட்டா? நெலம் ஒன் பாடு. எனக்குத் திங்கக்கெழம காய் வரணும். வரலேன்னா வேற ஆளுக்குக் காண்ட்ராக்ட்' அப்படீன்னான்."

கோமளம் வலியை மறந்து நிமிர்ந்தாள். "சர்க்கார் எடுத்துக்கிச்சுன்னு சொன்னாரே?"

"புளுகு. அத்தனையும் புளுகு. பட்டாளத்தக் காட்டி நெலத்தப் புடுங்கறான்."

சுற்றி இருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். யார் வடக்கு வரிசை, யார் தெற்கு வரிசை என்று சொல்ல முடியாது. எல்லா முகத்திலும் ஒரே கரி.

கோமளம் மேல்தோட்டத்தைப் பார்த்தாள். கோஸ் முற்றி, தலை தலையாக நின்றது. இன்னும் சில நாளில் அறுக்காவிட்டால் வெடித்து நாறிப்போகும்.

"அவனுக்குக் காய் வேணும்" என்றாள் மெதுவாக. "காய் அறுக்கற கை நம்மளது. ஒரு கோஸ் அறுக்க மாட்டோம். இங்கிருந்து நகரவும் மாட்டோம். சாம்பல்லயே படுப்போம்."

"பக்கத்துத் தோட்டத்து ஆளுங்கள வெச்சு அறுப்பான்" என்றார் ஒரு கிழவர்.

"அவங்க கிட்ட நான் போறேன்" என்றாள் ஜோசஃபின். "மார்க்கெட்டுக்குக் கூடை கொண்டுவர்ற பொம்பளைங்க எல்லாம் எனக்குப் பழக்கம். இன்னிக்கு இந்தக் குடிசை, நாளைக்கு உங்க குடிசைன்னு சொல்றேன். ரங்கா செத்த வெதத்தச் சொல்றேன். கேப்பாங்க."

கேட்டார்கள். ஹென்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஒரு கை கூட வரவில்லை. டெஸ்மண்ட் குதிரையில் வீடு வீடாகப் போய்ச் சவுக்கைச் சொடுக்கிப் பார்த்தான். ஓர் ஊரில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை பொழுது விடியும்போது ஒரு லாரி வந்து களத்தில் நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள் அல்ல. தர்மபுரிப் பக்கத்துப் பஞ்சத்துக்குத் தப்பி வந்து ஸ்டேஷன் வாசலில் கிடந்த ஜனங்கள். கன்னம் ஒட்டி, கண் குழிவிழுந்து, அரைத்துணியோடு முப்பது நாற்பது பேர். டெஸ்மண்ட் ஆளுக்கு ஒரு கத்தியைக் கொடுத்தான். ஆராவமுதன் காரிலிருந்து இறங்கியே நின்றார். சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

கீழ்த்தோட்டத்துக்காரர்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். பெர்னார்ட் இடது கையில் ஒரு கல்லை எடுத்தான். பின்னால் நின்றவர்களும் குனிந்து கல் எடுத்தார்கள்.

"போடுங்கடா கீழ" என்றாள் கோமளம். "அவங்க வயித்தப் பாத்தீங்களா?"

அவள் மட்டும் வரப்பிலிருந்து இறங்கிப் புதியவர்களை நோக்கி நடந்தாள். "நில்லு!" என்றான் டெஸ்மண்ட். அவள் நிற்கவில்லை. ரிவால்வரின் குதிரையை அவன் இழுத்த சத்தம் கேட்டது. காலை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

புதியவர்களில் முன்னால் நின்றவள் ஓர் இளம்பெண். இடுப்பில் ஒரு குழந்தை, அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் தோளில் சாய்ந்திருந்தது.

"எந்த ஊரு தாயி?" என்றாள் கோமளம்.

"அரூர்ப் பக்கம்." அந்தப் பெண் எரிந்த குடிசைகளைப் பார்த்தாள். கோமளத்தின் கட்டுப்போட்ட தோளைப் பார்த்தாள். பிறகு பீன்ஸ் பாத்தியோரத்து மண்மேட்டைப் பார்த்தாள். "அது யாரு?"

"எந் தம்பி. இங்க தண்ணி எறைச்சான். நெலத்த வுட்டுப் போன்னாங்க. கயித்த அறுத்துக் கொன்னுட்டாங்க. குடிசையக் கொளுத்திட்டாங்க. இப்ப காய அறுக்க ஒங்களக் கூட்டியாந்திருக்காங்க."

"அவ பேச்சைக் கேக்காதே! போய் அறு! அறுத்தாத்தான் சோறு!" என்று கத்தினார் ஆராவமுதன்.

அரூர்க்காரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எங்களயும் இப்படித்தாஞ் சாமி" என்றாள். "பட்டா அவங்க பேருல இருக்குதுன்னு சொல்லி ஏரை அவுத்து வுட்டாங்க. அதான் இங்க வந்து கெடக்கறம்."

அவள் கோமளத்தின் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், கேட்கவே வெட்கப்படுகிறவள் போல.

"ரெண்டு நாளாச்சுங்க்கா. புள்ளைக்கு எதனாச்சும் இருக்குங்களா?"

எரிந்தது போக மிஞ்சியிருந்தது ஒரு மூட்டை ராகியில் பாதி. இருபத்தைந்து குடும்பத்துக்கும் அதுதான். கோமளம் வரப்பில் நின்ற பெர்னார்டைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"இருக்கு" என்றாள் கோமளம். "எல்லாருக்கும் இருக்கு. வாங்க."

அந்தப் பெண் கத்தியை மண்ணில் போட்டாள். போட்டுவிட்டு வரப்பை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவன். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர். கத்திகள் ஒவ்வொன்றாக விழுந்தன. "ஷூட்!" என்று டெஸ்மண்ட் சிப்பாய்களைப் பார்த்து அலறினான். வரப்பை நோக்கி நடந்தவர்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு போனார்கள். ரயில் கேட்டில் நின்ற அந்தத் தமிழ்ச் சிப்பாய் இன்று இங்கே நின்றான். அவன் துப்பாக்கி நீட்டியபடியே இருந்தது. ஆனால் விரல் அசையவில்லை. ஆபீசர் உத்தரவு வேண்டும் என்றான், எதிரே எதையும் பார்க்காமல்.

ஒரு சிப்பாய் கேப்டனுக்குத் தகவல் சொல்ல சைக்கிளில் விரைந்தான். இன்னும் லாரிகள் வரும், இன்னும் துப்பாக்கிகள் வரும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வரப்பின் மேல் ஜோசஃபின் மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டினாள். கரிபிடித்த பெரிய சட்டி ஒன்று தப்பியிருந்தது. வடக்கு வரிசைக் கிழவி ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். கோமளம் ஒரு கையாலேயே ராகி மாவை அள்ளிப் போட்டாள். கட்டி தட்டாமல் கிண்ட அவளால் முடியவில்லை. அரூர்க்காரி குழந்தையைப் பெர்னார்டின் நல்ல கையில் கொடுத்துவிட்டு, துடுப்பை வாங்கிக்கொண்டு கிண்டத் தொடங்கினாள்.

தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. சட்டியைச் சுற்றி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.